மூக்கடைத்த அறிவிப்பு

“பூட்டாவது தடைபேடையில்...”

ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்ததும் பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு அடியில், குழிக்குள் நின்று பிரேக் பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கும் சிரித்தான்.

பக்கத்து பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள் அவன் மனைவி. ‘மூன்றாவது நடைமேடை’ இப்போது அவள் வாயில் அப்படித்தான் வரும். இது ஏழாம் மாதம். நாலாம் மாதம் அடைத்த மூக்கு இன்னும் திறந்தபாடில்லை.

“மாப்ள, தங்கச்சி பேசுறதைக் கேட்டா எனக்கே மூச்சு முட்டுது” என்றார் எலக்ட்ரீஷியன். ஓயாத வாய் என்பதால் பட்டறையில் அவருக்கு பேட்டரி என்று பெயர்.

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சிலருக்கு இப்படித்தான், பிறந்ததும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்று தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடிதான் அவள் தூங்குவாள். வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு அட்டை மாதிரி காய்ந்துபோகும். உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட்டால் அரைமணி நேரம் தாங்கும். ஆவி பிடித்தால் அதுவும் இல்லை. வாய்க்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்தாலும் ருசி தெரியாமல் விழுங்குவாள்.

பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் அந்த அடைத்த குரலைக் கேட்டால்தான் அவனுக்கு வேலை ஓடும்.

போன தடவையும் இதே ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் எழுந்தவள், “அப்பாடா, இன்னைக்குத்தான் மூச்சு நல்லா வருது” என்றாள். அவனுக்கும் சந்தோஷம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள்.

மூக்கையும் குழந்தையையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று டாக்டரம்மா அவனுக்கு இரண்டு முறை விளக்கினார். இரண்டு முறையும் சரி என்று தலையாட்டினான். மண்டைக்குப் புரிந்தது. வயிற்றுக்குள் பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு அறிவிப்பு. ஒவ்வொன்றிலும் மூக்கு அடைத்திருக்கிறதா என்று காது தானாகக் கவனிக்கும். அடைத்திருந்தால் கை ஸ்பேனரை நிம்மதியாகத் திருப்பும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அடுத்த அறிவிப்பு வந்தது.

“ஐத்தாவது தடைபேடையில் தயாராக இருக்குப் பேருத்தில்...”

நின்றது. ஒரு மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்த சத்தம்.

“...முன்பதிவு செய்த பயணிகள் உடனே ஏறிக்கொள்ளவும்.”

கணீரென்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், முகம் பார்ப்பதற்கும் முன்னால், இதே குழிக்குள் நின்று அவன் கேட்ட குரல்.

“அடடே, தங்கச்சிக்கு மூக்கு திறந்துடுச்சு. டீ வாங்கிக் குடு மாப்ள” என்றார் பேட்டரி.

ஸ்பேனர் குழிக்குள் விழுந்தது. பதில் சொல்ல அவன் அங்கே இல்லை.

பஸ் நிலையத்துக்குள் பின்னோக்கி வந்துகொண்டிருந்த பஸ், குறுக்கே ஓடிய அவனுக்காகச் சட்டென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். ஏதோ ஒரு பெட்டி தட்டியது, யாரோ ஒரு அம்மா மேல் இடித்தான். கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம். அதைத் தவிர வேறெதுவும் மனசில் ஓடவில்லை.

அறிவிப்பு அறைக் கதவைத் தள்ளினான்.

மேஜையின் ஓரத்தில் கைப்பை தயாராக இருந்தது. செருப்பைக்கூட மாட்டியிருந்தாள். அவளுடைய மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து, நகம் பதிந்து கன்றிப்போயிருந்தது.

அவன் கேட்பதற்குள் அவளே பேசினாள்.

“காலையில நீங்க கிளம்புன உடனே திறந்துடுச்சு. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு மூக்கைப் புடிச்சுக்கிட்டே பேசிட்டிருந்தேன்.”

அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். அவன் எதற்குக் காது கொடுக்கிறான் என்பதும் தெரியும். காலையிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவள் மூக்கைப் பிடித்திருக்கிறாள். இவன் குழிக்குள் நின்று சிரித்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“வயித்துல அசைவே இல்லாம இருந்துச்சுங்க. எட்டு மணிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பதினொரு மணிக்கு மாத்து ஆள் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு உக்காந்திருந்தேன்.”

அவன் கைப்பையை எடுத்தான். “வா, இப்பவே போவோம்” என்று சொல்ல நினைத்தான். வெளியே வந்தது வேறு.

“அப்புறம் ஏன் மூக்கைப் பாதியில விட்டே?”

எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அவன் கையை அவள் எடுத்தாள். துடைக்கவிடவில்லை. தன் வயிற்றின் வலது பக்கம் வைத்து அழுத்தினாள்.

“ஒரு கை மைக் பட்டன்ல இருந்துச்சு” என்றாள். “உதை விழுந்ததும், மூக்கைப் புடிச்சிருந்த கை தானா இங்க வந்துடுச்சு.”