எங்க அடுப்பை நிறுத்திக்கங்க

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தான் சார் இந்த டிசைன் நிக்கும்!"

சொல்லிச் சொல்லி நிருபமாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மேஜையைச் சுற்றியிருந்த செக்‌ஷன் பொறுப்பாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. புது ஷெட்டுக்கு மின் இணைப்பு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்து வெறுத்துப்போன எம்.டி., முழுக்க முழுக்க சோலாரிலும் பேட்டரியிலுமே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதை வடிவமைக்க வந்த கம்பெனியின் இன்ஜினியர்தான் நிருபமா. அவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் பெரிய வேலை. இதைக் கோட்டைவிட்டால் இன்னொருவர் போட்ட டிசைனுக்குக் காலம் பூராவும் படம் வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

"ஜூலைல நம்ம பெங்களூர் வானம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மூடினா நாள் கணக்கா மூடிக்கும். அப்பவும் எல்லா மெஷினும் ஓடணும்னா பேட்டரி ரெண்டு மடங்கு வேணும். எம்.டி. ஒத்துக்க மாட்டார். அதனால, பேட்டரி இறங்கினா முதல்ல எதை அணைக்கலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

"மோல்டிங் பக்கம் வராதீங்க மேடம்," என்றார் மோல்டிங்காரர். "உருகின பிளாஸ்டிக் மெஷினுக்குள்ளயே உறைஞ்சு போச்சுன்னா, நான்தான் உளி வச்சுக் கொத்திட்டிருக்கணும்."

"டெஸ்டிங்கும் முடியாதும்மா," என்றாள் அந்தப் பிரிவின் ஆஞ்சலா. "நடுவுல நின்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பிளான்ட் மேனேஜர் ஸ்ரீஹர்ஷாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன மேடம் இது? யாருமே ஒத்துக்கலேன்னா நாங்க வேற கம்பெனியத்தான் பார்க்கணும்."

நிருபமாவின் முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் கோடியில் உட்கார்ந்திருந்த பெயின்ட் ஷாப் சுந்தரேசன் கனைத்தார்.

"எங்க அடுப்பை நிறுத்திக்கங்க மேடம். பெயின்டை ரெண்டு நாள் கழிச்சுக் காய வச்சா குடி ஒண்ணும் முழுகிடாது."

அந்த ஷெட்டிலேயே அதிக மின்சாரம் இழுப்பது பெயின்டைச் சுட்டுக் காய வைக்கும் அந்த அடுப்புதான். அது நின்றால் போதும், மற்றதெல்லாம் தாராளமாக ஓடும்.

"நிஜமாவா சார்? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? நீங்கதான் ராப்பகலா கணக்குப் போட்டிருப்பீங்க போல, கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. இன்னிக்காவது நிம்மதியாத் தூங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "ஏம்ப்பா சுந்தர், என்ன திடீர்னு வள்ளலாயிட்டே?" என்று ஆஞ்சலா சீண்டினாள்.

"ஆய்த்து! அப்ப முடிச்சுக்கலாம்," என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு ஸ்ரீஹர்ஷா எழுந்துவிட்டார்.

நிருபமா குனிந்த தலை நிமிராமல், "தேங்க்ஸ் சார்," என்றாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஸ்ரீஹர்ஷா அவளை வரச் சொன்னார்.

"சூப்பர் டிசைன் மேடம்! மழைல ஒரு மெஷின்கூட நிக்கலையே! பெயின்ட் அடுப்பு மட்டும் அடிக்கடி நின்னுச்சு. அப்பல்லாம் வெளில குடுத்து பெயின்ட் அடிச்சு வாங்கினோம். நல்லாவே வந்துது. அப்புறம் நமக்கு எதுக்குய்யா ஒரு பெயின்ட் ஷாப்புன்னு எம்.டி. கேட்டுட்டார். இன்னியோட மூடறோம். அடுப்பு இல்லாம டிசைனைக் கொஞ்சம் மாத்திக் குடுத்துடுங்க."

நிருபமா அவசரமாகக் கேட்டாள். "அங்க வேலை பார்க்கறவங்க?"

"பசங்களை மோல்டிங்ல போட்டுட்டோம். சுந்தரேசனுக்குத்தான் இடமில்ல. காலைலயே சொல்லிட்டேன். என்ன பண்றது, அடுப்பு நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு அவரே அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னாரே!"

"சார், உங்க ஷெட்டு மொத்தமும் ஓடணும்னுதான் அவர் விட்டுக்கொடுத்தார். முடியவே முடியாதுன்னவங்கல்லாம் ஜம்முனு உள்ள இருக்காங்க, முடியும்னு சொன்ன மனுஷன் வெளிய போகணுமா? இது என்ன நியாயம்?" அவளை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க ஏன் மேடம் டென்ஷன் ஆகறீங்க? உங்க டிசைன்ல ஒரு குறையும் இல்லையே."

நிருபமா விடுவிடுவென்று வெளியே நடந்தாள். எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு மனுஷன் வாயாலேயே சொல்ல வைத்தோமே, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள்.

அங்கே தோளில் பையோடு சுந்தரேசன் நின்றிருந்தார். "என்ன மேடம், டிசைனை மாத்தணுமாமே?" என்று சிரிக்கப் பார்த்தார்.

நிருபமா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க. எல்லாரும் மாட்டேன்னாலும் நீங்களாவது சரின்னு சொல்லுங்கன்னு, அன்னிக்குக் காலைல டிபன் டப்பாவைக் கையில குடுத்து நான்தானேங்க கெஞ்சினேன்!"

"அழாதடி நிரு," என்றார் சுந்தரேசன். "புருஷன் இங்கயே வேலை பார்க்கறான்னு தெரிஞ்சா உன் கான்ட்ராக்ட் போயிடும்னு இத்தனை நாள் யாரோ மாதிரி நடிச்சோம். இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன? வண்டிய எடு, சேர்ந்தே போய்ப் பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரலாம்."