விடைத்தாளில் வந்த குரங்கு

செஞ்சிக் கோட்டை பற்றிய கேள்விக்கு ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே விடை எழுதியிருந்தார்கள்.

‘ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியம் உள்ளது. பையக் கெட்டியா புடி ஸ்டெல்லா, குரங்கு வருது.’

ஆய்வுக்கு வந்த அதிகாரி நிமிர்ந்தார். “ஸ்டெல்லா யாரு?”

“இவரு சம்சாரம் சார்,” என்று தலைமையாசிரியை மனோரமா, வரலாற்று ஆசிரியர் ஜெபினைக் கைகாட்டினார். “கோட்டையில வீடியோ எடுத்து டீச்சருங்க வாட்ஸப் குரூப்புல போட்டாரு. போன்ல பாடம் நடத்தாதீங்கன்னு எவ்ளோ சொல்லியிருப்பேன்.”

“வீடியோவுல வர்றத புள்ளைங்க ஏன் சார் இப்படி எழுதுறாங்க?” என்று அதிகாரி ஜெபினிடம் கேட்டார்.

“போனை ஓடவிட்டு, ஒரு வரி விடாம எழுதி மனப்பாடம் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா, பரீட்சையிலயும் அதையேதானே சார் எழுதுவாங்க,” என்றார் ஜெபின்.

“சொல்லிட்டு நீங்க எங்க போனீங்க?”

“போனது நான் இல்ல சார். நான் பாடம் எடுக்கிறது பத்தாவதுக்கு மட்டும்தான்.”

அதிகாரி சுவரில் தொங்கிய கால அட்டவணையைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு நேரே மனோரமாவின் பெயர் இருந்தது.

ஜெபின்தான் தலைமையாசிரியைக்குப் பரிந்து பேசினார்.

“மேடத்துக்கு அன்னிக்கு ஆபீஸ்ல வேலை சார். இல்லன்னா குரங்கு வந்தப்போ நிறுத்தியிருப்பாங்க.”