சத்தம் போடாதவள்

பவளராணியின் கணவன் இரட்டைக் குடியுரிமை கொண்டவன். அவன் தான் பிறந்த நாட்டுக்குப் போனபோது, அந்த அரசு அவனைப் பணயமாகப் பிடித்துச் சிறையில் வைத்தது. "சத்தம் போடாதீர்கள், அவருக்குத்தான் ஆபத்து" என்றார் குடியேறிய நாட்டின் அதிகாரி. பவளராணி அப்படியே நடந்துகொண்டாள், ஜெபத்தைக்கூட முணுமுணுத்தாள். அதே சிறையில் மகன் இருந்த திலகாவோ வெளியுறவு அமைச்சின் வாசலில் நின்று கத்தினாள்.

இன்று விமானத்திலிருந்து அந்த மகன் மட்டும் இறங்கினான்.

"அவனைப் பற்றி ஊரே பேசியது. மீட்காமல் இருக்க முடியவில்லை" என்றார் அதிகாரி.

"நீங்கள் சொல்லித்தானே நான் பேசாமல் இருந்தனான்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மகனை அணைத்திருந்த திலகா, அவனை விட்டுவிட்டு வந்து பவளராணியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இனிக் கத்துங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

பவளராணி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.