சர்வீஸுக்குப் போன கார்

"குரங்கு நாலு கால்ல நடந்துச்சு. மனுஷன் ரெண்டு கால்ல நடந்தான். நாலு சக்கரத்துல ஏறின அன்னிக்குத்தான் பரிணாம வளர்ச்சி முடிஞ்சுது. இன்னும் பஸ்ல வர்றவன் பாதி வழியில நிக்கிறான்."

சீனியர் இதைச் சிரிக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வரவேற்பறைப் பெண்ணும் பஸ்ஸில் வருகிறவள்தான். வளர்ச்சி முடியாத நிலையிலேயே போனை எடுத்துப் பேசத் தொடங்கினாள்.

புதுக் கார், பழைய கார் இரண்டும் விற்கிற ஷோரூம் அது. இந்த மாதம் யார் அதிகம் விற்கிறாரோ அவருக்கே மேலாளர் பதவி, மாடியில் கண்ணாடி அறை என்று முதலாளி சொல்லியிருந்தார். பல வருஷமாக அந்த அறையை அண்ணாந்து பார்த்தே சீனியருக்குக் கழுத்து வலி. போட்டிக்கு இருந்தது ஒரே ஆள். போன வருஷம் சேர்ந்தவன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வருவான் என்று சீனியர் அவனுக்கு வைத்த பெயர், ஃபுட்போர்டு.

அவன் விற்பதுகூடப் பரவாயில்லை. அலட்டிக்கொள்ளாமல் விற்றான். சீனியர் டை கட்டி, சென்ட் அடித்து, வாடிக்கையாளரின் மாமியார் வரைக்கும் நலம் விசாரித்து ஒன்றைத் தள்ளுவதற்குள், அவன் கசங்கிய சட்டையோடு வந்து இரண்டை முடித்துவிடுவான். சீனியருக்கு வயிறு எரிந்தது. சாப்பிட்டாலும் எரிந்தது, சாப்பிடாவிட்டாலும் எரிந்தது.

கார் விற்கிறவனே பஸ்ஸில் வந்தால் கடை மானம் என்ன ஆவது என்று முதலாளியிடம் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்.

"கார் இல்லாதவன்தானேய்யா கார் வாங்குவான்? அவன் பஸ்லதான் இருப்பான். நீ கார்ல வந்து யாரைப் பார்க்கிறே, சிக்னலையா?" என்றார் முதலாளி.

மறுநாள் சீனியர் பஸ்ஸில் ஏறினார். எதிரியை உளவு பார்க்க மட்டுமே. கேட்டவர்களிடம் கார் சர்வீஸில் இருப்பதாகச் சொன்னார்.

பஸ்ஸிலும் ஃபுட்போர்டுக்கு யாராவது இடம் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கும் சேர்த்து எரிந்தது. ஆனால் அவன் காரைப் பற்றிப் பேசவே இல்லை. நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். தூங்குகிறவர்களை அவரவர் நிறுத்தத்தில் எழுப்பிவிட்டான். இறங்கும்போது அவர்களாகவே கார் விலை கேட்டார்கள்.

இரண்டாம் நாள், தூங்கியவர்களில் சீனியரும் ஒருவர். "அண்ணே, நம்ம ஸ்டாப்" என்று தோளைத் தட்டினான்.

உளவு தொடர்ந்தது. வாரங்கள் போயும் கார் சர்வீஸிலேயே இருந்தது. இப்போதெல்லாம் சாயங்காலம் வந்ததும் யாரையும் திட்டுவதில்லையே, உடம்புக்கு என்ன என்று மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். பஸ்ஸில் ஏறிய புண்ணியத்தில் போன வாரம் வரை சீனியர்தான் முன்னால் இருந்தார். பிறகு ஃபுட்போர்டு எட்டிப் பிடித்தான். இன்று காலை ஒரு பழைய காரை முடித்து, ஒன்றே ஒன்றில் முந்திவிட்டான். கண்ணாடி அறை அவனுக்கு.

எல்லாரும் சீனியரைப் பார்த்தார்கள். கத்துவார், பழைய கார் கணக்கில் சேராது என்று சட்டம் பேசுவார் என எதிர்பார்த்தார்கள். அவர் டையை மட்டும் தளர்த்திக்கொண்டார்.

"நல்லா வச்சிருந்த வண்டியாச்சே, யாருதுப்பா?" என்று முதலாளி ஃபுட்போர்டைக் கேட்டார்.

"ஓனர் பேரை வெளிய சொல்ல வேண்டாம்னுட்டார் சார். ரொம்ப கௌரவம் பார்க்கிற மனுஷன்."

சாயங்காலம் புது மேலாளர் கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். நல்ல கூட்டம். ஜன்னலோரத்தில் இருந்த சீனியர், பக்கத்து சீட்டில் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து அவன் கையில் அழுத்தினார்.

"இந்தா, என் வண்டியோட இன்னொரு சாவி. காலையில மறந்துட்டேன். வாங்கினவர்கிட்டக் குடுத்துடு."