கயிற்றோடு நின்ற பனை

பங்களா வாசலில் விசிறிப்பனையை நட்டவர்கள், லாரியில் ஏற்றும்போது ஓலைகளைச் சேர்த்துக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே போய்விட்டார்கள். ஒரு வருஷம் அப்படியே நின்றது.

"என்ன துரை, இன்னும் கும்பிட்டுக்கிட்டே நிக்கிறீரு?" என்றது பக்கத்துக் குரோட்டன்ஸ்.

"நான் மெதுவாத்தான் வளருவேன்."

"வளருவீரு. நாளைக்குப் பிடுங்கச் சொல்லிட்டாரு முதலாளி."

கூடு கட்ட நார் தேடி வந்த அணில் கயிற்றை முகர்ந்தது. "இது உமக்கு வேணுமா?"

"எடுத்துக்கோ. முடிச்சிலேருந்து கடி."

கடித்தது. ஓலைகள் ஒவ்வொன்றாக விரிந்து வாசலையே அடைத்தன. குரோட்டன்ஸ் நிழலுக்குள் போனது.

மறுநாள் கடப்பாரை ஆளோடு வந்த முதலாளி, "பார்த்தியா, நான் போட்ட உரம்" என்றார்.

உரமாவது மண்ணாவது. வாய் நிறைய நாரோடு மதில்மேல் ஓடிக்கொண்டிருந்தது அணில்.