பேட்ஜில் இருந்த ஊர்

சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான் அவன்.

இடது கையால் முட்டையைக் கிண்டிக்கொண்டிருந்தான். வலது கை மேஜைக்கு மேலே வரவே இல்லை. சட்டைக்குள் இடுப்போரம் புடைத்திருந்தது.

பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம்தான் ஒருவன் எங்கள் கல்லாப் பெண்ணின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தான். அதற்குப் பிறகு, துப்பாக்கிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகையை வாசலில் மாட்டினோம்.

இவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

கல்லாவை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. சமையலறைக் கதவு ஆடும்போதெல்லாம் நிமிர்ந்தான். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

முதலாளி வெர்னனிடம் சொன்னேன். தொப்பை புடைத்திருந்தாலும் உனக்குத் துப்பாக்கிதான் என்று கிண்டலடித்தார். ஆனாலும் போனார். பக்கத்து மேஜையைத் துடைக்கிற சாக்கில் நானும் பின்னால் போனேன்.

அவன் பர்ஸைத் திறந்து போலீஸ் பேட்ஜைக் காட்டினான். இன்றைக்கு டியூட்டி இல்லை என்றான். டியூட்டியில் இல்லாவிட்டாலும் போலீஸை அந்தப் பலகை தடுக்காது. இங்கே சட்டம் அப்படி.

வெர்னனுக்கு மூச்சு வந்தது. மன்னிப்புக் கேட்டார். போலீஸுக்கு எங்கள் கடையில் காபி இலவசம். புதுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றார்.

வெர்னன் பார்த்தது பளபளப்பை மட்டும். எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் படிக்க வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். பேட்ஜில் ஹார்லோ கவுன்டி என்று இருந்தது. அது இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம்.

இரண்டு முட்டை தின்னவா இவ்வளவு தூரம்?

உள்ளே புதுப் பெண் லொரேட்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. பயப்படாதே, திருடன் இல்லை, ஹார்லோ கவுன்டி போலீஸ்தான் என்று தைரியம் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏப்ரனைக் கழற்றக்கூட நிற்கவில்லை.

"அது என் வீட்டுக்காரருண்ணே. நான் எந்த ஸ்டேஷன்ல போயிச் சொல்றது?"

பின்கதவு சாத்திய சத்தம் கேட்டது. வெளியே மழை.

காபியை நானே கொண்டுபோனேன். புதுப் பெண் எங்கே என்று கேட்டான். அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போலீஸ்காரனை நேருக்கு நேர் பார்த்துப் பொய் சொன்னேன்.

கல்லாவிலிருந்து வெர்னன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிச் சிரித்தார்.

"போலீஸுகிட்டயே விளையாடுறியாய்யா? அந்தா, பஸ் ஸ்டாப்புக்கு ஓடுறா பாருங்க சார்."