கைச்சக்கரப் படகு

அடையாற்றின் நடுவில் சுப்பராயனின் படகு நின்றுவிட்டது. தினம் ஒரு தடவை இப்படி நிற்கிறது என்று துறையில் சொன்னபோது கலீமுல்லா நம்பவில்லை. இப்போது கரையில் நின்று கண்ணாலேயே பார்த்தான்.

அந்தப் படகின் கைச்சக்கரம் அவன் செய்தது. திருவல்லிக்கேணியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். செயினையும் பல்சக்கரத்தையும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். உட்கார்ந்தபடி கைப்பிடியைச் சுற்றினால் போதும், பின்னால் தண்ணீருக்குள் சக்கரம் சுழன்று படகு ஓடும். அதே கைப்பிடியை இப்படியும் அப்படியும் சாய்த்தால் படகு திரும்பும். துடுப்பும் வேண்டாம், சுக்கானும் வேண்டாம். தோள்மூட்டு நழுவித் துடுப்புப் பிடிக்க முடியாமல் போன சுப்பராயன், மறுபடி படகோட்டியானது அதனால்தான்.

அது ஓடுகிற அழகைக் காட்டத்தான் கலீமுல்லா இன்று மெஹபூப் அலியைக் கையோடு கூட்டி வந்திருந்தான். கால்வாயில் விறகுப் படகுகள் விடுகிறவர் அவர். பிடித்துப் போனால் ஆறு படகுக்குச் செய்யச் சொல்வதாக இருந்தார். ஆறு படகு என்றால் கலீமுல்லா பஞ்சர் ஒட்டிப் பிழைத்தது போதும்.

"இதுதானா உன் மிஷின்?" என்றார் மெஹபூப் அலி.



அதே துறையின் இன்னொரு படகோட்டி தேசப்பன் தன் துடுப்புப் படகோடு போய், நடு ஆற்றில் மாட்டிக்கொண்டவர்களை மாற்றி ஏற்றிக் கரை சேர்த்தான். ஆளுக்கு ஆள் அவனிடம் கூலியைக் கொடுத்துவிட்டு, வசவை மட்டும் கலீமுல்லாவிடம் கொடுத்தார்கள்.

"இன்னா பாய் செஞ்சு வெச்சுக்கீறே?" என்றாள் மீன்காரி அங்காளம்மாள், கூடையை இறக்கி வைத்து. "ஓடுனா குதிரை, நின்னா கழுதை. மயிலாப்பூர் மார்க்கெட்டு கலைஞ்சப்புறம் இந்த மீனை நீயா வாங்கிக்கப் போறே?"

ஒரு வக்கீல் குமாஸ்தா குடையை ஊன்றி நின்றார். "நேக்கு அப்பவே தெரியும். இதெல்லாம் வெள்ளைக்காரன் செஞ்சாத்தான் ஓடும்."

கலீமுல்லா தேசப்பன் படகில் ஏறினான். தேசப்பன் அவனைச் சுப்பராயனிடம் இறக்கிவிட்டுத் துறைக்குத் திரும்பினான்.

கலீமுல்லா குனிந்து பார்த்தான். பல்சக்கரத்தை அச்சோடு பூட்டியிருக்கும் விரல் நீள ஆணியைக் காணோம். உடைந்திருந்தால் துண்டாவது உள்ளே கிடக்கும். ஓட்டை சுத்தமாக இருந்தது.

"ஆணி எங்கே?"

சுப்பராயன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்து ஆணியை எடுத்து நீட்டினான்.

"பாவி, நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல பாய்." சுப்பராயன் குரல் இறங்கிவிட்டது. "என் தோளு நழுவி நாலு மாசம் படுத்துக்கினு இருந்தேனே, அப்போ என் முறையையும் சேத்து ஓட்டுனது தேசப்பன்தான். அந்தக் கூலிய அப்படியே என் ஊட்ல குடுத்தான். ஒரு நடை எனுக்கு, ஒரு நடை அவனுக்கு, அதான் இந்தத் துறையில முறை. உன் சக்கரம் வந்தப்புறம் அவன் முறை வந்தாலும் ஒருத்தரும் ஏற மாட்டேன்றாங்கோ. என் படகு திரும்பி வர்ற வரைக்கும் நிக்கிறாங்கோ."

"அவனுக்கு நீ பணமாக் குடுக்க வேண்டியதுதானே?"

"நீட்டிப் பாத்தேன். ஓட்டாத நடைக்குக் கூலி வாங்க மாட்டேன்னுட்டான். அதான் தினம் ஒரு நடை, கூட்டமா கீற நடையா பாத்து, இதைக் கழட்டிர்றேன்."

கலீமுல்லாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை.  ஆறு படகு போச்சே என்றுதான் இருந்தது.

"இன்னிக்குப் பாத்தா கழட்டணும்?"

"கரையில நிக்கிறவரு யாருன்னு எனுக்குத் தெரியாது பாய். தோ, நானே வந்து நெசத்தச் சொல்லிர்றேன்."

"சொன்னா தேசப்பன் காதுல விழாதா? நீ வேணும்னே நிறுத்தறேன்னு தெரிஞ்சா, அப்புறம் நீ நடு ஆத்துல நின்னாலும் அவன் ஏத்த வருவானா? பேசாம சுத்து."

ஆணி ஏறியதும் படகு அம்பு மாதிரி கரைக்கு வந்துவிட்டது. எல்லோரும் இன்னும் அங்கேயே நின்றார்கள், தேசப்பனும்தான்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் மெஹபூப் அலி.

சுப்பராயன் வாயைத் திறந்தான். கலீமுல்லா முந்திக்கொண்டான்.

"என் கைவேலைதான் சாப் கோளாறு. ஆணி சரியில்லே. ஓட்டறவன் மேல ஒரு தப்பும் இல்லே."

"நான் சொன்னேனோ இல்லியோ?" என்று குமாஸ்தா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அங்காளம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தேசப்பன் கலீமுல்லாவின் முதுகில் தட்டினான். "வுடு பாய், மிஷினுன்னா அப்படித்தான் நிக்கும். இட்டாந்து சேக்க நான் கீறேன் இல்ல?" ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் கலீமுல்லாவுக்கு ஆறு படகு போன வருத்தம் கொஞ்சம் அடங்கியது.

கூட்டம் கலைந்ததும் மெஹபூப் அலி அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"கலீம், நானும் முப்பது வருஷமாப் படகு விடறேன். படகு நின்னப்புறம் என்னன்னு குனிஞ்சு பாக்கறவனைத்தான் பாத்திருக்கேன். இன்னிக்குத்தான் நிக்கறதுக்கு முன்னாலேயே குனிஞ்சவனைப் பாத்தேன். அப்புறம் கூலி யார் கைக்குப் போச்சுன்னும் பாத்தேன்."



"ஆறு படகுக்கும் செஞ்சு குடு. ஆணி மட்டும் சுலபமாக் கழலட்டும். என்கிட்டயும் படகைக் கழியால தள்ளிப் பிழைக்கறவங்க நாலு பேர் இருக்காங்க."